டிகிரி வந்தால் சாவி வந்துவிடுமா?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆவடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு காகிதத்தை நீட்டினார். கோர்ட் நோட்டீஸ். கடையைக் காலி செய்து கொடுக்கும்படி மூன்று வருடங்களுக்கு முன்பே அவர் மீது டிகிரி ஆகியிருக்கிறது. அதை நிறைவேற்றித் தரும்படி இப்போது மனுப் போட்டிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, டிகிரி ஆன பிறகு பாக்கி முழுவதையும் ஓனர் கையில் கொடுத்துவிட்டேன். 'சரிப்பா, நீயே கடையை நடத்து' என்று அவர் வாயாலேயே சொன்னார். போன வருடம் அவர் காலமாகிவிட்டார். இப்போது மகன் இப்படிச் செய்கிறார்" என்றார்.

"பணம் கொடுத்ததற்கு ரசீது உண்டா?"

"நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அண்ணாச்சி."

"யார் நோட்டு?"

"என் நோட்டுதான்."

எனக்கு டீ இறங்கவில்லை. 19 வருடமாக நடத்திவரும் கடை. வாடிக்கை, கடன் பாக்கி, பெயர் எல்லாம் அந்த நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது. நம்மில் பலருக்கு வழக்கு என்றால் தீர்ப்போடு முடிந்துவிடும் என்ற எண்ணம் இருக்கிறது. ஜெயித்தவர் சாவி கைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார். தோற்றவர் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். இரண்டுமே தவறு. நான் வக்கீல் அல்ல. மண்டி வியாபாரி. ஒரு காலத்தில் வாடகைக்காரனாகவும் பின்னால் சிறு கட்டடத்துக்குச் சொந்தக்காரனாகவும் கோர்ட் படி ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும் வக்கீல்களிடம் கேட்டுத் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பழைய நோய்

தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம் என்பது இன்று நேற்றுக் கதை அல்ல. இந்த நாட்டில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டம் தொடங்குவதே டிகிரி வாங்கிய பிறகுதான் என்ற கருத்தை லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே சங்கதிதான்.

நம் மாநில வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாள் எதிர் ராஜாமணி என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 6-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் செய்தவர்கள் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை என்று 1986-ல் தொடுத்த வழக்கு அது. வழக்குப் போட்டவர் ஜெயித்தார். பத்திரமும் ஆயிற்று. நிலத்தை எடுக்கப் போகும்போது விற்றவர்களின் உறவினர்கள் குறுக்கே வந்து, "நாங்கள் இந்த நிலத்தில் குத்தகைதாரர்கள், எங்களை எழுப்ப முடியாது" என்றார்கள். இப்படியே 39 வருடம் ஓடிவிட்டது. கடைசியில் நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் இருவரும் அந்த ஆட்சேபத்தைத் தள்ளி, இரண்டு மாதத்துக்குள் நிலத்தை ஒப்படைக்க உத்தரவிட்டார்கள்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. நாடு முழுவதும் இப்படி எத்தனை நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன என்று எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டார்கள். 2025 அக்டோபரில் வந்த கணக்கின்படி 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 86 ஆயிரம். நிறைவேற்று மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ராகுல் ஷா வழக்கில் 2021 ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் நிலைமை இதுதான். ஆகவே, தேங்கிய மனுக்களில் உங்கள் மனுவும் ஒன்றாகிவிடாமல் இருக்க வேண்டுமானால், நம் பக்கத்தில் ஓட்டை இருக்கக் கூடாது.

முதலில், எந்தச் சட்டம்?

நம் பகுதி வாடகைத் தகராறுகள் நெடுங்காலம் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில்தான் நடந்தன. வேண்டுமென்றே வாடகை கட்டாதது, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுவது என்று காரணம் காட்டித்தான் காலி செய்யச் சொல்ல முடியும். அந்தச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தகராறு வாடகை நீதிமன்றத்துக்கும், அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயத்துக்கும் போகும். பழைய சட்டத்தில் அன்று நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்க வழி விடப்பட்டது. அதனால் இன்றும் சிலர் கையில் பழைய சட்டத்து உத்தரவு இருக்கிறது. வேறு சிலரிடம் சிவில் கோர்ட் டிகிரி இருக்கிறது.

கோயில் கடைகளில் இருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும். அறநிலையங்கள், வக்ஃபு, அரசு ஆகியவற்றின் கட்டடங்களுக்கு இந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. அறநிலையத் துறைக் கோயில் கடையில் குத்தகைக் காலம் முடிந்தபின் இருப்பவரை 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆக்கிரமிப்பாளராகவே கருதி, இணை ஆணையர் மூலம் வெளியேற்ற முடியும். "வாடகைச் சட்டம் என்னைக் காப்பாற்றும்" என்று அங்கே சொல்ல முடியாது.

ஜெயித்தவர் செய்ய வேண்டியவை

தீர்ப்புச் சொன்ன உடனேயே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நகல் கையில் இல்லாமல் ஒரு வேலையும் நகராது. எதிர்த் தரப்பு மேல்முறையீடு செய்து உங்களுக்குத் தெரியாமல் தடையுத்தரவு வாங்கிவிடாமல் இருக்க, மேல் கோர்ட்டில் கேவியட் மனுப் போட்டு வையுங்கள். அது 90 நாள்தான் செல்லும். தேவைப்பட்டால் மறுபடி போட வேண்டும்.

அடுத்தது சொத்து விவரம். இதில்தான் நான் அடிபட்டேன். என் கட்டடத்தில் ஒரு கடைக்கு டிகிரி வாங்கினேன். வாரண்டோடு அமீனா வந்தார். வாரண்டில் இருந்தது பழைய கதவு எண். கடைச் சுவரில் இருந்தது புது எண். "ஐயா, இந்தக் கடைதான் அது என்று நான் எப்படி எழுதுவது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. வாரண்டில் இருப்பதைத்தான் அவர் செய்ய முடியும். திருத்த மனுப் போட்டு, அது உத்தரவாகி, மறுபடி வாரண்ட் வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. நம் பக்கத்தில் பழைய எண், புது எண் என்று குழப்பம் சகஜம். எனவே வழக்குப் போடும்போதே இரண்டு எண்ணும், நான்கெல்லையும், அளவும், ஒரு வரைபடமும் சேர்த்துவிடுங்கள். டிகிரியில் எழுத்துப்பிழை இருந்தால் அதே கோர்ட்டில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் டிகிரியில் இல்லாத இடத்தை நிறைவேற்றும் கோர்ட் புதிதாகக் கொடுக்காது.

பிறகு நிறைவேற்று மனு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளைதான் இதற்கெல்லாம் ஆதாரம். டிகிரியை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் உண்டு என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். டிகிரியாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டால் எதிர்த் தரப்புக்கு முதலில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். நடுவில் யாராவது இறந்துபோனால் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தாமதம் செய்தால் வேலை கூடும்.

வாரண்ட் வந்ததும் அமீனா இடத்துக்கு வருவார். கடை பூட்டியிருந்தால் பூட்டைத் திறக்கவும், எதிர்ப்பு இருக்கும் என்று தெரிந்தால் போலீஸ் பாதுகாப்புக்கும் கோர்ட்டில் உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவு கையில் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போனால், "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் சொல்வார்கள். உள்ளே பெண்கள் இருந்தால் அவர்கள் கண்ணியமாக வெளியேற நேரம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உள்ளே இருக்கும் சரக்கை அமீனா முன்னால் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். எண்ணெய் டின் எத்தனை, அரிசி மூட்டை எத்தனை, தராசு, ஃப்ரிட்ஜ் எல்லாம் எழுத வேண்டும். பட்டியல் இல்லையென்றால் நாளைக்கு "கல்லாவில் இரண்டு லட்சம் இருந்தது" என்று புகார் வரும். முடிந்ததும், இடம் ஒப்படைக்கப்பட்டதாக எழுதிய பதிவின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கே வருகிறவர்கள்

அமீனா வரும் நாளில் ஒருவர் முளைப்பார். "நான் உள்வாடகைக்காரன்", "நான் பார்ட்னர்", "இந்தக் கடை என் மச்சான் பேரில் இருக்கிறது" என்பார். பயப்பட வேண்டாம். சண்டைக்கும் போக வேண்டாம். அமீனா அதை எழுதிக்கொண்டு போவார். 21-ஆவது கட்டளையின் 97-ஆவது விதிப்படி நீங்கள் தடையை நீக்க மனுப் போட வேண்டும். அவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை அதே கோர்ட்டே விசாரித்து முடிவு செய்யும். அதற்கென்று தனி வழக்குக் கிடையாது. வாடகைக்காரர் மூலம் உள்ளே வந்தவருக்குச் சொந்தமாக உரிமை எதுவும் இல்லையென்றால் டிகிரி அவரையும் கட்டும். அதே நேரம், உண்மையிலேயே தனி உரிமை உள்ள ஒருவரை அமீனா தவறாக வெளியேற்றிவிட்டால், அவரும் அதே கோர்ட்டில் முறையிட்டு இடத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது.

சொந்தக் கையால் பூட்டாதீர்கள்

கோர்ட் தாமதம் ஆகிறது என்று சில ஓனர்கள் இரவில் ஷட்டருக்குப் புதுப் பூட்டுப் போடுவதும், கரண்டை வெட்டுவதும் நடக்கிறது. இது பெரிய தவறு. சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டம் இடம் கொடுக்கிறது. தண்ணீர், மின்சாரம் நிறுத்துவதை வாடகைச் சட்டமும் தடுக்கிறது. கையில் இருக்கும் நல்ல டிகிரியை ஒரே இரவில் கெடுத்துக்கொண்டு கிரிமினல் கேஸில் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாடகைப் பாக்கி தனிக் கணக்கு

இடம் கைக்கு வந்தாலும் பாக்கி தானாக வராது. டிகிரியில் பணமும் சொல்லப்பட்டிருந்தால் அதற்கும் நிறைவேற்று மனு வேண்டும். வங்கிக் கணக்கு, சரக்கு, வண்டி இவற்றை ஜப்தி செய்யலாம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை போன்றவற்றைத் தொடக் கூடாது. வியாபாரிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கணக்குப் புத்தகங்களை ஜப்தி செய்ய முடியாது. பாக்கிக்காகக் கைது செய்வதும் எடுத்த எடுப்பில் நடக்காது. பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை என்று கோர்ட் கண்டால்தான் நடக்கும். பணம் கட்டும் டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. முதலில் அட்வான்ஸ் தொகையைக் கழித்துக் கணக்குப் பார்த்துவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

தோற்றவர் என்ன செய்யலாம்?

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வாடகைக் கடைக்காரர்கள். எனவே இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

முதலாவது, மேல்முறையீடு போட்டுவிட்டால் மட்டும் டிகிரி நிற்காது. தடையுத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கீழ்க் கோர்ட் டிகிரி மீது மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். "வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டு அந்த 30 நாளைக் கோட்டைவிட்டவர்கள் பலர்.

இரண்டாவது, தடையுத்தரவு இனாமாகக் கிடைக்காது. டெல்லி கன்னாட் சர்க்கஸில் ஒரு கடை. மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. காலி செய்ய உத்தரவான பிறகு வாடகைக்காரர் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீடு முடியும்வரை இருக்க வேண்டுமானால் மாதம் 15,000 ரூபாய் கட்டு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அது சரி என்று 2004 டிசம்பரில் ஆத்மா ராம் பிராபர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. டிகிரி ஆன நாளிலிருந்து பழைய வாடகையில் உட்கார உரிமை இல்லை, வெளிச்சந்தை நிலவரப்படி ஈடு கட்ட வேண்டி வரலாம் என்பதே அதன் பொருள். அப்பீலில் இழுத்துக்கொண்டே போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அதே சமயம், மேல் கோர்ட்டில் தீர்ப்பு மாறினால், இடையில் எடுத்த இடத்தைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

மூன்றாவது, மேல்முறையீட்டில் பலமில்லை என்று வக்கீல் நேர்மையாகச் சொன்னால், கௌரவம் பார்க்காமல் அவகாசம் கேளுங்கள். தீபாவளி, பொங்கல் வியாபாரம் முடிய ஆறு மாதமோ ஒரு வருடமோ கேட்டால், வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவருக்குக் கோர்ட்டும் ஓனரும் பெரும்பாலும் மனம் இறங்குவார்கள். ஆனால் இன்ன தேதியில் காலி செய்கிறேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால் அது கோர்ட் அவமதிப்பு.

நான்காவது, புது இடம் பார்த்ததும் ஜிஎஸ்டி பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் இடத்தோடு கட்டுப்பட்டது. இதை மறந்தால் புதுக் கடையில் முதல் மாதமே தொல்லை.

வாய்ப்பேச்சு கோர்ட்டுக்குத் தெரியாது

இப்போது ஆவடித் தம்பி கதைக்கு வருகிறேன். டிகிரி ஆன பிறகு இரு தரப்பும் வெளியில் சமாதானம் பேசிக்கொள்ளலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் 21-ஆவது கட்டளையின் இரண்டாவது விதி ஒன்று இருக்கிறது. டிகிரிக்குப் பிறகு பணம் கொடுத்ததையோ, சமாதானம் ஆனதையோ, டிகிரி கொடுத்த கோர்ட்டில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஜெயித்தவர் பதிவு செய்யாவிட்டால் தோற்றவர் 30 நாளுக்குள் மனுப் போட்டுப் பதியலாம். பதியாத சமாதானத்தை நிறைவேற்றும் கோர்ட் கண்ணெடுத்தும் பார்க்காது. நீங்கள் லட்ச ரூபாய் கொடுத்திருக்கலாம், ஓனர் கோயிலில் சத்தியம் செய்திருக்கலாம். பதிவு இல்லையென்றால், கோர்ட் கணக்கில் அந்த டிகிரி அப்படியே நிற்கிறது.

தம்பிக்கு நேர்ந்தது இதுதான். ஓனர் நல்லவர், வாக்குத் தவறாதவர். ஆனால் அவர் கொடுத்த வாக்கு அவரோடு போயிற்று. மகனுக்கு அந்தப் பேச்சே தெரியாது. அவர் கையில் இருப்பது முத்திரை வைத்த டிகிரி. தம்பி கையில் இருப்பது சொந்த நோட்டு.

மறுநாள் அவரை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். அவரும் நான் பயந்ததையே சொன்னார். பின்பு நாங்கள் சங்கத்து மூத்தவர்கள் இருவர் ஓனர் மகனை நேரில் போய்ப் பார்த்தோம். முதலில் கோபமாகப் பேசினார். பிறகு தந்தையின் பழைய டைரியைத் தேடி எடுத்தார். அதில் ஒரு தேதியில் தம்பி பெயரும் தொகையும் இருந்தன. இருக்கட்டும் என்று விட்டுவிட அவர் தயாராக இல்லை. கடை இடம் அவருக்கு வேண்டும். ஆனால் பாக்கிப் பேச்சை எடுக்கவில்லை. அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தரவும், அடுத்த பொங்கல் வரை அவகாசம் தரவும் ஒப்புக்கொண்டார். இந்த முறை எல்லாவற்றையும் எழுதி, இரு வக்கீல்களும் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டில் பதிவு செய்துவிட்டோம். தம்பி அதே தெருவில் நான்கு கடை தள்ளி இடம் பார்த்துவிட்டார்.

ஒரு ரசீதும், கோர்ட்டில் ஒரு மனுவும் அன்றைக்கே இருந்திருந்தால் அவர் இன்று இடம் மாற வேண்டி வந்திருக்காது. நாம் அரிசி மூட்டை ஒன்று கடனுக்குக் கொடுத்தால்கூட பில் போடுகிறோம். கடையே கைமாறும் விஷயத்தில் மட்டும் வாய்ப்பேச்சை நம்புகிறோம்.

எனவே உறுப்பினர்கள் தயவுசெய்து இந்த வாரமே வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காலம் முடிந்திருந்தால் புதுப்பித்துப் பதிவு செய்யுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். உங்கள் மீதோ உங்கள் சார்பிலோ பழைய டிகிரி ஏதாவது இருந்தால் அதன் நகலோடு ஒரு வக்கீலை உடனே பாருங்கள். ஓனர்களாக இருப்பவர்களும் அப்படியே கதவு எண்ணையும் சொத்து விவரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.